ஸ்டோர்னெஸ் குளிரில் யார் குடியிருப்பது?

2094-ஆம் ஆண்டு சனவரி 14, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, சுவீடன் நாட்டின் வெப்பத்துறை அமைச்சர் கெர்ட்ரூட் லின்ட்வால், யேவ்லெ நகரில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய சமையலறையில், கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே காபி போட்டுக்கொண்டிருந்தார். அறையின் வெப்பநிலை பதினொரு பாகை. சன்னலின் உட்புறத்திலும் பனி படிந்திருந்தது.

தலைநகரில் அன்று நடைபெறவிருந்த அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவரை அழைத்துச் செல்லத் துறைச் செயலர் இயலினி வந்திருந்தாள். அவளுடைய பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. அமைச்சரையும் பெயர் சொல்லி, ஒருமையில் அழைக்கும் அந்நாட்டு வழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பழகியது.

வீட்டுக்காரர் பெர்ட்டில் போர்வையைப் போர்த்தியபடி வந்து நின்றார். "இவளைக் கூட்டிக்கொண்டு போ, அம்மணி. இரவெல்லாம் இருமுகிறாள். இவள் வந்து என் வீட்டில் குறைந்தது காபித்தூள் மட்டும்தான். குளிர் அப்படியே இருக்கிறது."

"குளிர் போனால் நானும் போய்விடுவேன், பெர்ட்டில். பிறகு யாரைத் திட்டுவாய்?" என்றார் கெர்ட்ரூட்.

"நிதியமைச்சரை. அதற்கு ஆள் பஞ்சமா என்ன?"

கெர்ட்ரூட் சிரிக்கத் தொடங்கினார்; சிரிப்பு இருமலாக மாறி, அவரை மேசையின் விளிம்பைப் பற்றிக்கொள்ள வைத்தது. பெர்ட்டில் தம் போர்வையை எடுத்து அவர் தோளில் போட்டார்.

அமைச்சர் அங்கே விருந்தாளியாகத் தங்கவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் வெந்நீரோட்டம் தளர்ந்து, வட ஐரோப்பாவின் குளிர்காலம் கொடியதாகிவிட்ட பிறகு, நகரங்கள் அனைத்தும், ஓரிடத்தில் சூடாக்கிய நீரை வீடுதோறும் கொண்டுசேர்க்கும் தொலைவெப்பக் குழாய்களை நம்பியே வாழ்ந்தன. வெப்பத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அரசின் தலையாய பணியாயிற்று. அப்போது இயற்றப்பட்டது உடனுறைச் சட்டம். எந்த அமைச்சரின் கையொப்பத்தால் மக்களுக்கு ஒரு வசதி குறைகிறதோ, அந்த அமைச்சர், அக்குறையால் மிகவும் வாடும் வீட்டில், குறை நீங்கும்வரை வாழ வேண்டும். அந்த வீடு எதுவென்று 'விளைவுகாட்டி' என்னும் கணிப்புப்பொறி சொல்லும். யேவ்லெ நகரின் வெப்பத்தைக் குறைத்த ஆணையில் இருந்தது கெர்ட்ரூட்டின் கையொப்பம். பொறி காட்டியது பெர்ட்டிலின் வீடு.

சட்டத்தை எழுதியவர்கள் ஆட்சியாளரிடத்தில் இரக்கம் பிறக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பிறந்தது தயக்கம். அமைச்சர்கள் கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள். செய்யவேண்டிய கடினமான காரியங்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. கெர்ட்ரூட் ஒருவர்தான் கையொப்பமிட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். கல்வி அமைச்சராக இருந்தபோது தீவுப் பள்ளிகளை மூடினார். ஒரு மீனவக் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளோடு தாமும் படகேறிக் கரைக்கு வந்துபோனார். ஓராண்டு கழிந்ததும், "நான் செய்தது தவறு" என்று நாடாளுமன்றத்தில் சொல்லிப் பள்ளிகளைத் திறந்துவிட்டு, வேறொரு விளக்கமும் தராமல் அமர்ந்தார். பிறருடைய அரசியல் வாழ்க்கையைப் பதவிகளால் அளப்பார்கள். அவருடையதை, அவர் படுத்துறங்கிய பிறர் வீடுகளால்தான் அளக்க முடியும்.

தொடர்வண்டி புறப்பட்டதும் இயலினி கேட்டாள்: "மருத்துவர் சொன்னதை யாரிடமாவது சொன்னாயா?"

"உன்னிடம் சொன்னேனே. நீ போதாதா?"

"விளையாடாதே, கெர்ட்ரூட். வடக்கே ஒரு குளிர்காலத்தை உன் நுரையீரல் தாங்காது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்."

அன்றைய கூட்டத்தின் பொருள் வடக்கிலிருந்த ஸ்டோர்னெஸ் என்னும் சிற்றூர். தென்பகுதி மருத்துவமனைகளுக்கான வெப்பக் கையிருப்பு பிப்ரவரியைத் தாண்டாது. ஸ்டோர்னெஸ் குழாயை முழுவதும் அடைத்தால் தாண்டும். அவ்வூர் மக்கள் விறகடுப்பை மட்டும் நம்பி வாழ வேண்டியிருக்கும். ஆணையில் கையொப்பமிடுபவரும் அவர்களோடு வாழ வேண்டும். நோயுற்றோருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால், உடனுறைய முடியாதவர் கையொப்பமிடவும் கூடாது.

"வேறு யாராவது கையொப்பமிடட்டுமே," என்றாள் இயலினி.

"யார்? ஒரு பெயர் சொல்."

இயலினி அமைச்சர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக் கைவிட்டாள். இவர் நோயை மறைத்துக் கையொப்பமிட்டுவிட்டு ஸ்டோர்னெசுக்குப் போய்விடுவார் என்று அவள் அஞ்சினாள். ஒன்பது ஆண்டுகளாக அவரிடம் பணியாற்றியவள் அவள். மனிதர்களைப் பயன்படுத்திக்கொள்ளாமலும் அரசியல் நடத்தலாம் என்று அவரைப் பார்த்தே நம்பத் தொடங்கியிருந்தாள்.

கூட்டத்தில் தலைமை அமைச்சர் ஹென்னிங் புரூமான் சுற்றி வளைக்கவில்லை. "கெர்ட்ரூட், உன் இருமல் கதவுக்கு வெளியே கேட்கிறது. ஒன்று செய்வோம். நெருக்கடி நிலையைக் காட்டி உடனுறைச் சட்டத்தை நிறுத்திவைக்க நாடாளுமன்றத்தைக் கேட்போம். நீ கையொப்பமிடு, உன் சொந்த வீட்டில் நிம்மதியாக இரு."

இயலினிக்கு உயிர் வந்தது போலிருந்தது. ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று மனத்துக்குள் மன்றாடினாள்.

கெர்ட்ரூட் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஹென்னிங், இந்த மேசையில் முடிவெடுப்பது யார்?"

"இதென்ன கேள்வி? அரசு."

"அரசு என்றால் யார்?"

"நாம் அனைவரும். எந்த அமைச்சரும் தனித்து முடிவெடுப்பதில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்."

"முடிவு அனைவருக்கும் பொது என்றால், குளிர் மட்டும் ஏன் ஒருவருக்கு? சட்டம் எழுதியபோது கோப்பைக் கொண்டுவரும் அமைச்சரின் பெயரை மட்டும் எழுதிவிட்டார்கள். நாமும் வசதியாக அதை அப்படியே விட்டுவிட்டோம். நான் போனேன், நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். உங்கள் பாராட்டு எனக்குப் போதும். இனி நீங்களும் வாருங்கள்."

நிதியமைச்சர் டாக்னி மெல்லச் சொன்னார்: "எனக்கு மூட்டுவலி இருக்கிறது."

"ஸ்டோர்னெசிலும் மூட்டுள்ள மனிதர்கள்தாம் வாழ்கிறார்கள், டாக்னி."

யாரோ சிரித்தார்கள், டாக்னியும் சிரித்துவிட்டார். பிறகு அவர் கோப்பைத் தம் பக்கம் இழுத்து, அந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக, ஸ்டோர்னெஸ் வீடுகளில் விறகடுப்பு இல்லாதவை எவை, குழந்தைகள் உள்ளவை எவை என்று கேட்கத் தொடங்கினார். குழாயை முழுவதும் அடைத்தாக வேண்டுமா என்று ஹென்னிங் கேட்டார். அரசு அலுவலகங்களுக்கு எவ்வளவு வெப்பம் செலவாகிறது என்று இன்னொருவர் கேட்டார். அக்கேள்விகளுக்கெல்லாம் விடை இரண்டு மாதங்களாகக் கோப்பிலேயே இருந்தது. இயலினி எழுந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

நண்பகலுக்குப் பின் ஆணை உருப்பெற்றது. கையொப்பத்துக்காக அது மேசையைச் சுற்றி வந்தபோது, கெர்ட்ரூட் எழுதுகோலைத் தொடாமல் தாளை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

"என்னால் அங்கே வாழ முடியாது. மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே நான் கையொப்பமிடலாகாது. கையொப்பமிட முடியாத ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் முறையன்று."

"அவரைத் தடுங்கள், ஹென்னிங்!" என்றாள் இயலினி. செயலர்கள் கூட்டத்தில் குரல் எழுப்பக் கூடாது என்பதையும், யாரையும் பன்மையில் அழைப்பதில்லை என்பதையும் அவள் மறந்துபோனாள்.

"தடுக்க முடியாது. அவள் சொல்வது சரி," என்றார் ஹென்னிங்.

கெர்ட்ரூட் இயலினியின் கையைப் பற்றினார். "பிழைத்திருக்கச் சொன்னவள் நீதானே? அதைத்தான் செய்கிறேன்," என்றார்.

அன்று இறுதியாக முடிவு செய்யப்பட்டவை வருமாறு. ஸ்டோர்னெஸ் ஊரின் தொலைவெப்பம் பிப்ரவரி முதல் நாளிலிருந்து பாதியாகக் குறைக்கப்படும். மருத்துவமனைகளுக்குத் தேவையான எஞ்சிய வெப்பம், தலைநகரிலுள்ள அரசு அலுவலகங்களின் குழாய்களை அடைத்துப் பெறப்படும். உடனுறைச் சட்டம் தொடரும். ஆணையில் கையொப்பமிட்ட அமைச்சர் அனைவரும் முறைவைத்து ஸ்டோர்னெசில் வாழ்வர். கெர்ட்ரூட் லின்ட்வாலின் பதவி விலகல் அன்றே ஏற்கப்பட்டது. ஸ்டோர்னெசுக்கு முதலில் செல்பவர் தலைமை அமைச்சர்.