வேண்டாததை மாட்டும் முளை

கூடத்தின் தூரத்து மூலையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. லியோனா எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை, வெள்ளையடித்த பலகை காய்ந்தே இருந்தது. சுவர் நெடுக அடித்த மர முளைகளில் தலைகீழாக மாட்டிய நாற்காலிகள்தான் அரையிருட்டில் தெரிந்தன. அவற்றில் ஒன்றிலிருந்துதான் தண்ணீர் விழுந்தது. விழட்டும், இந்தப் பயணத்தில் நனையாதது எது?

அக்டோபர் மழையில் கூடாரம் போடலாம் என்றவன் அவள் கணவன் க்ளைட். மேலே விரிக்கும் ஷீட்டை வீட்டிலேயே மறந்தவனும் அவனே. படுக்கை, ரொட்டி எல்லாம் ஊறிப்போய், ஒதுங்க இடம் தேடித்தான் கைகளை உதறி ஆடி வழிபட்ட ஷேக்கர் துறவிகளின் இந்த ஆளில்லாத பழைய கிராமத்துக்கு வந்தார்கள். அங்கே கண்ணில் பட்ட முதல் வீட்டின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள்.

"ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணு," என்று க்ளைட் சமாதானமாக இளித்தான். "புருஷன் பொண்டாட்டியா வந்தவங்க இங்க பிரிஞ்சு உள்ள போவாங்களாம். போயிட்டா அண்ணன் தங்கச்சிதான். வேண்டாத நாற்காலியக்கூட தரையில விடமாட்டாங்க, முளையில மாட்டிருவாங்க. அவ்வளவு சுத்தம்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீ அதுல போ, நான் இதுல போறேன். இன்னையோட சரி."

"அப்ப ஹேசல்?"

"எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

"எனக்கு மட்டும் வேணுமாக்கும்?"

ஆறு வயது ஹேசல் மஞ்சள் மழைக்கோட்டில் நடுவே நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லியோனா கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். பிள்ளை அவனோடு போயிருக்கும்.

இரண்டு வாசலும் ஒரே கூடத்தில்தான் திறந்தன. ஆனால் க்ளைட்டைக் காணோம்.

"க்ளைட்! விளையாடாத, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

ஈரக் கம்பளி நாற்றமும் வெந்த ஆப்பிள் வாடையும் மெல்லப் பரவின. மாடியில் பலகைகள் அதிர்ந்தன. ஒருவர் அல்ல, பலர், ஒரே தாளத்தில் பாதம் தேய்த்து நடந்தார்கள். பிறகு நின்றார்கள். ஆண்கள் பக்கத்துப் படியில் ஒருவர் மட்டும் இறங்கினார்.

க்ளைட்தான். தலையில் அகலமான கறுப்புத் தொப்பி. உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லை. உள்ளங்கைகளைக் கீழே கவிழ்த்து, எதையோ உதறுவதுபோல ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தான்.

லியோனா ஓர் அடி பின்வாங்கினாள்.

"புள்ள எங்க?"

அவன் அவளைப் பார்த்தான். முன்பின் தெரியாதவளைப் பார்க்கும் மரியாதையோடு.

"எந்தப் புள்ள, சகோதரி?"

"ஹேசல்! நம்ம ஹேசல்டா, பாவி!"

"வேண்டாம்னு வாசல்லயே சொல்லிட்டீங்களே." அவன் குரல் சாந்தமாக இருந்தது. "நானும்தான் சொன்னேன். இங்க வேண்டாதத தரையில விடமாட்டோம்."

சொட்டு.

அவள் திரும்பினாள். ஓடினாள். மூலை. இருட்டு. முளை.

"வேணும்! எனக்கு வேணும்!" என்று அலறினாள்.

சின்ன நாற்காலி. கால்கள் மேலே. அதில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஹேசல் தலைகீழாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். திறந்த கண்கள். தொங்கிய கூந்தல் நுனியிலிருந்து தண்ணீர், ஒவ்வொரு சொட்டாக, துடைத்த தரையில் விழுந்துகொண்டிருந்தது.