காலி நாற்காலியின் உத்தரவு

ஒரு நல்ல மூக்கின் விலை அந்த நாளில் மாதம் இருநூறு ரூபாய். இருக்க வீடும் எரிக்க விறகும் இனாம். 1957இல், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு டீமேக்கராக வந்த மரியரட்ணம் அந்த விலைக்குத்தான் தன் மூக்கைக் கொடுத்திருந்தார். அரைத்த கொழுந்தை அள்ளி முகர்ந்து, பதம் வந்ததும் "போடு" என்பார். ஆட்கள் அதைச் சூட்டடுப்பில் போட வேண்டும். பேரம் அவ்வளவுதான்.

ஆட்கள் ஆறு பேர். தங்களைப் போலவே கூலிக் குடியிருப்பான லயத்தில் பிறந்த ஒருவர் தங்களுக்கு ஐயாவாக வந்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முதல் நாள் அவர் "போடு" என்றபோது யாரும் அசையவில்லை. மேஸ்திரி ஆண்டியப்பன், மூலையில் கிடந்த காலிப் பிரம்பு நாற்காலியருகே போய்க் குனிந்து காது கொடுத்தான்.

"பொறுக்கச் சொல்றாருங்க, எங்க பழைய ஐயா. செத்தும் வேலைய விடல பாருங்க."

மற்ற ஐவரும் சிரித்தார்கள்.

தினமும் இதே கூத்து. அவர் தானே அள்ளிப் போடப் போனால் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். கொழுந்து புளித்துப் பாழானது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய் என்று தோட்டத் துரை சொல்லிவிட்டார். மனைவி றோசலின் டிக்கோயா ஆஸ்பத்திரியில் தலைப்பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். பிள்ளையோடு எந்தக் கூரைக்குள் வந்து நுழைவாள்?

ஆட்களிடம் கெஞ்சிப் பார்த்தார். எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள், ஐயாவிடம் கேளுங்கள் என்றார்கள்.

ஒரு பிற்பகல், பனிமூட்டம் ஜன்னல்களை அடைத்திருந்தது. மேசையில் கொழுந்து பதம் தப்பிக்கொண்டிருந்தது. மரியரட்ணம் ஆறு பேர் பார்க்க அந்த நாற்காலியின் முன் மண்டியிட்டார்.

"ஐயா, என் எடத்த நீங்களே எடுத்துக்குங்க. அந்த வீடு மட்டும் கைவிட்டுப் போயிறக் கூடாது."

அவசரத்தில் பேசிய பேரம். வீடு யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது.

பிரம்பு முனகியது. யாரோ சாய்ந்து உட்கார்ந்ததுபோல் நடுப்பகுதி தாழ்ந்தது. பச்சைக் கொழுந்தின் வாடையைக் கிழித்துக்கொண்டு சுருட்டு நெடி வந்தது.

"போடு." நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

ஆறு பேரும் ஓடிப் போய்ப் போட்டார்கள்.

ஆண்டியப்பன் மரியரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்படி ஒரு ஐயா இருந்ததே இல்லீங்க," என்று கிசுகிசுத்தான். "உங்கள வெரட்டத்தான் நாங்க கட்டிவிட்டோம்."

சொல்லி முடிக்கும்போதே அவன் பார்வை கலங்கியது. பிடித்திருந்த கை நழுவி, காற்றில் எதையோ துழாவியது. பிறகு, யாருமில்லாத இடத்தை விட்டு வருபவன்போல் திரும்பி நடந்தான்.

சாயங்காலம் துரை வந்து தேநீரைச் சுவைத்தார். இப்படி ஒரு சரக்கை இந்தத் தோட்டம் கண்டதில்லை என்று மெச்சினார்.

நாற்காலியைப் பார்த்து.

சில நாள் கழித்து றோசலின் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். மரியரட்ணம் வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உள்ளே, சுருட்டு நெடியை நோக்கி, சிரித்தபடி பிள்ளையை நீட்டினாள்.

மறுநாள் காலை, கணக்கப்பிள்ளை நல்லமுத்து தொழிற்சாலைக்கு ஆள் எண்ண வந்தார். மரியரட்ணம் அவர் முகத்துக்கு நேரே போய் நின்றார். தன் பெயரைக் கத்தினார். நல்லமுத்துவின் விரல் அவரைத் தாண்டிப் போய் நாற்காலியில் நின்றது.

வேலையாள் ஆறு. டீமேக்கர் ஒருவர்.

ஆக ஏழு. கணக்குச் சரி.