வீட்டில் எத்தனை பேர்?

வீட்டில் எத்தனை பேர் என்று நிரல் கேட்டது. மூன்று என்று நோலா தட்டினாள். திரையில் நான்கு சன்னல்கள் எரிந்தன.

அவள் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டாள். மில்டூரா ஊர்க் கணினிக் கழகத்தில் வட்டுகளுக்கெல்லாம் பொறுப்பு நோலா பாஸ்கோதான். அடிலெய்டு நகரத்துக்குப் போகிற யாராவது இலவச மென்பொருள் தொகுப்பு சிடி ஒன்றை வாங்கி வந்தால், அது முதலில் அவள் வீட்டுக்குத்தான் வரும். உள்ளே நூற்றுக்கணக்கில் நிரல்கள் கிடக்கும்: சீட்டாட்டம், நட்சத்திரப் படம், பன்றித் தீவனத்துக்குக் கணக்குப் போடுவது, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, தேறுவதைப் பொறுக்கி ஃபிளாப்பிகளில் பதிந்து, மாதக் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். இலவசம் என்றால் கழகத்துக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். ஓட்டிப் பார்க்கிற தலைவலி மட்டும் நோலாவுக்கு.

இது வீட்டு வேலைகளை நினைவூட்டும் நிரல். வீட்டின் அறைகளை நாமே வரைந்து, ஆட்களின் பெயரைக் கொடுத்தால், ஆளுக்கொரு சன்னலில் மஞ்சள் விளக்கு எரியும். அதன்மேல் மவுஸை அழுத்தினால் அன்றைக்கு அவருக்கு என்ன வேலை என்று சொல்லும். நோலா தன் வீட்டையே வரைந்திருந்தாள். பின் வராந்தாவை அடைத்துக் கட்டிய இந்தக் கணினி அறையில் அவள் விளக்கு எரிந்தது. படுக்கையறையில் கணவன் கிளைவின் விளக்கு. சின்ன அறையில் மகள் ப்ரானின் விளக்கு. நான்காவது, நடைவழியில், படுக்கை விரிப்புகள் அடுக்கும் துணி அலமாரி நிற்கிற இடத்தில் எரிந்தது. அதற்குக் கீழே பெயர் இல்லை.

"கிளைவ், இங்க வந்து பாரேன். மூணுன்னு சொன்னா நாலு காட்டுது."

கிளைவ் டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். "மூணு பேருக்கு ஒரு ஆள் இலவசம்னு வெச்சுக்கோ. பாத்திரம் கழுவச் சொல்லு."

இலவச மென்பொருள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி நிரல் எழுதிக் கொடுக்கிறவர்களில் சிலர் காசு கேட்க மாட்டார்கள். பிடித்திருந்தால் உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று அனுப்புங்கள் என்பார்கள். பத்தில் ஒன்பது பேர் அனுப்புவதில்லை. நோலா அனுப்புவாள். அனுப்பும்போது குறை ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் எழுதிவிடுவாள். எழுதாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஆற்றில் துடுப்புக் கப்பல் போகிற அட்டை ஒன்றை எடுத்து எழுதினாள்: "நல்ல நிரல். ஒரே ஒரு பிழை. நாங்கள் மூன்று பேர். இது நான்கு காட்டுகிறது. தயவுசெய்து மூன்றாக்கிக் கொடுங்கள்."

நிரலை எழுதியவனின் முகவரி டாஸ்மேனியாவில் ஏதோ ஒரு தபால் பெட்டி எண். தபால்தலை ஒட்டிப் போட்டுவிட்டு மறந்தும் போனாள்.

நடைவழித் துணி அலமாரியின் கதவு இறுகப் பிடித்துக்கொள்ளும். முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். அது காலையில் எழுந்து வரும்போதெல்லாம் திறந்து கிடக்க ஆரம்பித்தது. முதலில் ப்ரானைத் திட்டினாள். ஏழு வயதுக் குழந்தை, நான் இல்லை என்று அழுதது. பிறகு ஒரு நாள் கீழ்த்தட்டில் விரிப்பை எடுக்கக் கை விட்டபோது, விரிப்புகள் நடுவில் குழிந்து அமுங்கி இருந்தன, ஈரமாகவும் இருந்தன. துவைத்துக் கொடியில் போட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடுகிற ஊர் அது. அந்தத் துணியில் பல் தேய்க்காத வாயின் நாற்றம் அடித்தது, வெதுவெதுப்பு வேறு.

நோலா நிரலைக் கணினியிலிருந்து அழித்தாள். சிடியை எடுத்துக் கராஜில் போட்டாள். மறுநாளும் கதவு திறந்துதான் கிடந்தது.

தன்னைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ப்ரானின் அறைக் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு ஆள் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். குழந்தையின் கட்டிலைத் தங்கள் அறைக்கு இழுத்துப் போட்டாள். "ஒரு ஓசிப் புரோகிராமுக்கா இவ்வளவு கூத்து?" என்று கிளைவ் சிரித்தான். தபால்காரனை மட்டும் தினமும் எதிர்பார்த்தாள். செய்தவன்தானே சரிசெய்ய வேண்டும்? சரிசெய்து அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று, பித்துப் பிடித்தவள் மாதிரி, நம்பினாள்.

புழுதிப் புயல் அடித்த அன்று பதில் வந்தது. உறைக்குள் ஒரு ஃபிளாப்பி. அதன்மேல் 'நன்றி, சரிசெய்துவிட்டேன்' என்று நீல மையில் ஒரு வரி.

பள்ளிக்கூடத்தில் மதியமே அனுப்பிவிட்டார்கள். மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது. கிளைவ் தான் வேலை பார்க்கும் ஒயின் ஆலையிலிருந்து போன் செய்தான். "ரோடு ஒண்ணும் தெரியல நோலா. அடங்கினதும் வர்றேன். சன்னலைச் சாத்து."

சாத்தினாள். கதவிடுக்குகளில் ஈரத் துண்டு திணித்தாள். அப்படியும் மாவு மாதிரி சிவப்புத் தூசி உள்ளே வந்து தரையில் படிந்துகொண்டே இருந்தது. பட்டப்பகலில் வீடு பழுப்பாகி, பிறகு கறுத்தது. தகரக் கூரை விடாமல் இரைந்தது.

"அம்மா, சமையலறை மேசைக்கு அடியில கூடாரம் கட்டட்டுமா?"

"கட்டு. ஆனா நடையில இருக்கிற அலமாரிகிட்ட போகக் கூடாது."

"சரி."

"எதுக்கும் போகக் கூடாது ப்ரான்."

"சரின்னு சொன்னேன்ல!"

"வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே இரு. நீ எங்க இருக்கேன்னு எனக்குக் கேக்கணும்."

ஏழாம் வாய்ப்பாடு சமையலறையிலிருந்து புறப்பட்டது. ப்ரானுக்கு அதில் ஒரே இடத்தில்தான் தகராறு. வாரக் கணக்கில் சொல்லிக் கொடுத்தும் ஏறாத இடம்.

"ஏழு ஏழு நாப்பத்தொம்போது. ஏழு எட்டு அம்பத்திநாலு."

"அம்பத்தாறு!" என்று நோலா கத்தினாள். கத்திவிட்டு ஃபிளாப்பியைச் செருகினாள்.

ஃபிளாப்பி உள்ளே நறநறவென்று அரைத்தது. அவள் அழித்துப் போட்ட வீடு, அவள் வரைந்தபடியே, தானாக வந்து நின்றது. நான்கு சன்னல்கள். நான்கிலும் விளக்கு. வீட்டில் எத்தனை பேர் என்று அது கேட்டது. சமையலறையில் வாய்ப்பாடு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. கூரை இரைச்சலில் கொஞ்சம் தள்ளிக் கேட்டது, நடைப்பக்கம் நகர்ந்துவிட்ட மாதிரி. நோலா மூன்று என்று தட்டினாள்.

திரை ஒரு கணம் கறுத்தது.

வாய்ப்பாடு நின்றது.

"ப்ரான்?"

கூரை இரைந்தது. எங்கோ மரத்தில் மரம் இடிக்கும் சத்தம், ஒரே ஒரு தரம்.

"ப்ரான்!"

"ஏழு ஒண்ணு ஏழு," என்றது குரல், சமையலறையிலிருந்து. "ஏழு ரெண்டு பதினாலு."

நோலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திரையைப் பார்த்தாள். மூன்று சன்னல்கள் எரிந்தன. கிளைவ். நோலா. ப்ரான். நடைவழியில் விளக்கு இல்லை. சின்னப் பெட்டியாக அலமாரி மட்டும் இருட்டில் நின்றது. கீழே எழுத்துகள் வந்தன: பிழை நீங்கியது.

சிரித்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இன்னொரு அட்டை வாங்க வேண்டும். நன்றி என்று பெரிதாக எழுத வேண்டும். ப்ரானை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எழுந்தாள்.

"ஏழு ஏழு நாப்பத்தொம்போது," என்றது குரல். "ஏழு எட்டு அம்பத்தாறு. ஏழு ஒம்போது அறுபத்துமூணு."

தட்டுத் தடுமாற்றம் இல்லை.

சமத்து, என்று நினைத்தபடி நடைவழி விளக்கைப் போட்டாள்.

தரை முழுக்கச் செம்புழுதி படிந்திருந்தது. சின்ன வெறுங்கால் தடங்கள் சமையலறையிலிருந்து வந்திருந்தன. ஐந்து விரலும் பதிந்த ப்ரானின் தடங்கள். கூடாரத்துக்கு விரிப்பு வேண்டும் அல்லவா? குழந்தைக்கு அலமாரியை விட்டால் வேறு எங்கே கிடைக்கும்? கட்டு என்று சொன்னபோது அது நோலாவுக்குத் தோன்றவே இல்லை. தடங்கள் அலமாரி வரை போயின.

திரும்பி வரவில்லை.

அலமாரியிலிருந்து வேறு தடங்கள் கிளம்பியிருந்தன. நீளமானவை. கிளைவின் காலைவிட நீளம். ஓரடிக்கும் மறு அடிக்கும் நடுவே அவள் படுத்துக்கொள்ளலாம். சுவரோரமாக ஒரு விரிப்பு இழுபட்ட கோடு. எல்லாம் சமையலறைக்குப் போயின.

கதவு இறுகச் சாத்தியிருந்தது. முழங்காலால் இடித்தாள். இடித்தாள். திறந்தது. கீழ்த்தட்டில் ஒரு குழி. சின்னதாக. இன்னும் சூடு இருந்தது. அதில் ப்ரானின் மஞ்சள் கிளிப், நாலு முடியோடு.

"ப்ரான்," என்றாள். சத்தம் வரவில்லை.

"அம்மா?" என்றது சமையலறை.

அதே குரல். அதே கொஞ்சல். அதே இழுப்பு.

நடந்தாள். வேறு எங்கே போவாள்? கிளிப்பை உள்ளங்கையில் குத்துகிற அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மேசையின் நான்கு பக்கமும் விரிப்பு தொங்கியது. நடுவில் மேசைப் பலகை லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருப்பதற்கு அந்த உயரம் போதவில்லை. விரிப்பின் ஓரத்துக்கு வெளியே, புழுதி படிந்த தரையில், இரண்டு நீளமான பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சமர்த்தாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

"ஏழு எட்டு அம்பத்தாறு," என்றது விரிப்புக்குள்ளிருந்து ப்ரானின் குரல். "சரியாச் சொல்லிட்டேன்லம்மா?"

விரிப்பின் ஓரம் மெல்ல மேலே எழுந்தது.