இரண்டாம் அறையின் எடை

இரண்டாம் அறையில் சத்தமே இல்லை.

முதல் அறைக் கதவைத் திறந்தாலே, காய்ந்த சருகை யாரோ கசக்குவதுபோல் ஆயிரக்கணக்கான புழுக்கள் தவிட்டுக்குள் நெளிகிற ஓசை காதில் விழும். இங்கேயும் அதே வண்டின் புழுக்கள், அதே தவிடு, அதே வெக்கை, ஆனால் ஒரு சரசரப்புகூட இல்லை. வேறொரு வாடையும் இருந்தது. எலி செத்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் இலவு காத்த கிளியாகக் கிடக்கிறாள். முதல் அறையில் ஒரே ஒரு தேர்வு: கூட்டுப்புழுவானதும் எடை போட்டு, கனமானவற்றை மட்டும் இனவிருத்திக்கு வைப்பார்கள். இரண்டாம் அறையில் மூன்று கட்டம்: முட்டையிலிருந்து முந்தி வெளிவந்தவை, வேகமாக வளர்ந்தவை, கடைசியில் கனமானவை. மூன்று கட்ட முறை ஜெயித்தால் வேலை நிரந்தரம் என்றார் துறைத்தலைவர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். மூன்று கட்டத்திலும் ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடிப்பது இவள். துள்ளி நழுவியதைத் துரத்தப் பொறுமையில்லாமல் எடை பார்க்காமலே வெந்நீரில் போட்டாள். பதினெட்டுத் தலைமுறையாக அப்படித்தான். அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

இப்போது இடுக்கி பட்டாலும் ஒன்றும் அசைவதில்லை. போட்ட தீனி அப்படியே இருந்தது. எடை மட்டும் ஏறியிருந்தது.

தலைவர் போனில் வந்தார். "என்னம்மா, மத்தியானம் பெரியவங்க வராங்க. எடை ஏறிச்சா?"

"ரெண்டு மடங்கு சார்."

"சபாஷ்! உன் ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்து."

எண்ணைக் குறிக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் சரசரவென்று ஓசை. திரும்பிப் பார்த்தாள். நின்றுவிட்டது.

கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு துடைப்பம் கிடந்தது. பக்கத்தில் நீலச் சீருடை. துப்புரவு வேலை செய்யும் அக்கா.

"அந்த ரூமுக்குப் போகவே கூசுதும்மா. எல்லாம் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு" என்று முந்தாநாள்தான் சொன்னாள். "புழுவுக்குப் பயந்தா பொழப்பு ஓடுமாக்கா?" என்று நக்கலடித்து உள்ளே அனுப்பியது இவள்தான். அதன்பிறகு அக்கா வேலைக்கு வரவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சீருடை புடைத்திருந்தது. கழுத்திலிருந்து நெற்றிவரை மஞ்சளாக, நெருக்கமாக, புழுக்கள். ஒன்றும் அசையவில்லை.

கத்தவேண்டும். கத்தினால் அறைக்குப் பூட்டு. தட்டுகளை எரிப்பார்கள். ஆறு வருடம்.

இடுக்கியை எடுத்தாள். அக்காவின் கன்னத்திலிருந்து ஒன்றைப் பிடித்துத் தராசில் வைத்தாள்.

அக்காவின் கண் திறந்திருந்தது. மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

அவள் எடையைக் குறித்துக்கொண்டு அடுத்ததைப் பிடித்தாள்.