பதினோரு நாளாகத் திறக்காத கதவு

அந்த விளையாட்டின் வாசற்படியில் நேற்று வரை இரண்டு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. இன்று மூன்று. மூன்றாவது சின்னஞ்சிறு ரோஸ் நிறச் செருப்பு, அதில் ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. பெனாசிர் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்டேட் ஏதாவது வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். செருப்பைக் கூட்டிப் போடத் தெரிந்த, இந்த விளையாட்டைச் செய்த மகராசன், கதவை எப்படித் திறப்பது என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?

பதினோரு நாளாக அந்த ஒற்றைக் கதவின் முன்னால் நிற்கிறாள். அவள் தெருவில் வீட்டுக்கு வீடு இருப்பது போலப் பச்சைப் பெயிண்ட் அடித்த மரக்கதவு, இரண்டு படி, செருப்பு. அவ்வளவுதான் விளையாட்டு. பெயர் கிடையாது, அம்புக்குறி கிடையாது, இங்கே தொடவும் என்று ஒரு சொல் கிடையாது. கம்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் சேக் பரீத் கொடுத்த பழைய போனில் அது தானாகவே இருந்தது. உத்தமபாளையத்தில் அவளுக்கு மத்தியானம்தான் ஓய்வு. கணவன் ஆசாத் குமுளி ஏலக்காய்க் கடைக்குப் போயிருப்பான், நாலு வயது மகள் ஷர்மின் தூங்குவாள். அந்த ஒன்றரை மணி நேரத்திலேயே எத்தனையோ விளையாட்டுகளை ஊதித் தள்ளியவள் அவள். இதில் மட்டும் முதல் படியே தாண்டவில்லை.

தட்டினாள், இழுத்தாள், போனைத் தலைகீழாகப் பிடித்தாள், சார்ஜ் போட்டுக்கொண்டே பார்த்தாள். யூடியூபில் தேடினால் ஒரு ஈ காக்கை இல்லை. ஸ்பீக்கரைக் காதில் வைத்தால் மெல்லிய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். விளையாட்டில் தன் ஆள் விடும் மூச்சு போல என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஆடிக்காற்று குமுளி மலையிலிருந்து சாரலை வாரிக்கொண்டு வந்து வீசியது. எதிர்வீட்டுத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. கதவு அறைந்து பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று ஷர்மின் தூங்கும் அறையை வெளியே தாழ் போட்டாள். அடுப்பில் பால் இருப்பதை மறந்து, விளையாட்டை அணைக்காமலேயே போனை இடுக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வெளிப்படி வழியாக இறங்கி வாசலுக்கு வந்தாள். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸலாம் சொல்லித்தான் வீட்டுக்குள் நுழைவாள், முஸ்லிம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

போனில் டக்கென்று ஒரு சத்தம். பார்த்தாள். பச்சைக் கதவு திறந்திருந்தது.

"அடி ஆத்தீ!" உள்ளே வந்து துணியை முன்னறைக் கட்டிலில் வீசிவிட்டு நின்ற இடத்திலேயே குதித்தாள். குரல்! குரலுக்குத்தான் திறக்கிறது! இதைப் போய் எந்த மடையன் கண்டுபிடிப்பான்? சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

உள்ளே மங்கலான முன்னறை, மூலையில் மூட்டைகள், அதை அடுத்து ஒரு நடைக்கதவு. மறுபடியும் ஸலாம் சொன்னாள். திறந்தது. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மூட்டைகள் மூன்றாக, மேல்மூட்டை சரிந்து, சணல் கட்டு தொங்கிக்கொண்டு இருந்தன. நிமிர்ந்து தன் வீட்டு மூலையைப் பார்த்தாள், அங்கும் அதே மூன்று, அதே சரிவு. இந்தப் பக்கத்தில் ஏலக்காய் மூட்டை இல்லாத வீடு எது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் மனசு கேட்கவில்லை.

செட்டிங்ஸைத் திறந்தாள். மைக்குக்கு அனுமதி கொடுக்கவே இல்லை. அப்புறம் எப்படிக் கேட்டது? சோதித்துப் பார்க்கத்தான் மூன்றாவது கதவின் முன் முணுமுணுத்தாள், தன் காதுக்கே கேட்காத குரலில். அதுவும் திறந்தது.

சமையற்கட்டு. அடுப்பில் பால் பொங்கித் தீயில் வழிந்துகொண்டிருந்தது. அதே சமயம் தீய்ந்த பாலின் வாடை அவள் மூக்கில் ஏறியது. ஓடிப்போய்த் தன் அடுப்பை அணைத்தாள். திரையிலும் தீ அணைந்தது.

கேமரா. வீட்டில் எங்கேயோ கேமரா வைத்திருக்கிறார்கள். யார்? போன் அண்ணன் கொடுத்தது, வாங்கச் சொன்னது ஆசாத். மத்தியானம் எல்லாம் என்ன செய்கிறாய் என்று போன வாரம்தான் கேட்டான். சாதாரணமாகக் கேட்டானா, வேவு பார்த்துக்கொண்டே கேட்டானா?  அண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நீங்க குடுத்த போன்ல என்ன வச்சுருக்கீக?"

"என்னத்த வச்சேன்? எல்லாத்தையும் அழிச்சுத்தான குடுத்தேன்."

"பொய் சொல்லாதீக. என்னைய நோட்டம் பாக்கச் சொல்லி மச்சான் சொன்னாகளா?"

"ஏ புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? மாப்பிள்ள அப்பிடிப்பட்ட ஆளா?"

"அப்ப இந்த கேம்ல என் அடுப்பு எப்பிடித் தெரியுது?"

அண்ணன் கடையை விட்டு வெளியே வருவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அடுப்பு மட்டுந்தான் தெரியுதா? அங்கன ஆள் யாரும் நிக்கிறாகளா?"

பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். நீலப் பூப்போட்ட நைட்டி, தலையில் துப்பட்டா, கையில் போன்.

"நான்தாண்ணே நிக்கிறேன். முதுகு தெரியுது."

"முதுகா? அப்ப பின்னால நின்னு பாக்குறது யாரு?"

வெடுக்கென்று திரும்பினாள். சமையற்கட்டு வாசலில் யாரும் இல்லை. கதவுத் திரைச்சீலை மட்டும் காற்றில் உப்பி உள்பக்கமாகச் சாய்ந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் உப்பவில்லை, எதன் மீதோ படிந்து நின்றது.

"அண்ணே..."

இணைப்பு அறுந்துவிட்டது.

திரையில் இப்போது அவளுடைய முகம். தன் திறந்த வாயைத் தானே பார்த்தாள். பதினோரு நாளும் அந்தப் பச்சைக் கதவுக்கு வெளியே நின்றது அவள் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மூச்சும் அவள் ஆளுடையது இல்லை. ஷர்மினின் ரோஸ் செருப்பு கிடக்கும் அவள் வீட்டு வாசலில்தான் ஏதோ நின்றிருக்கிறது. வீட்டு ஆளின் குரலுக்காகக் காத்திருக்கிறது. அவள் விளையாட்டென்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாக, தன் வாயாலேயே அதை உள்ளே விட்டிருக்கிறாள்.

யாரும் தொடாமலே படம் நகர்ந்தது. அவளை விட்டுத் திரும்பியது. நடையைக் கடந்தது. முன்னறை. மூட்டைகள். வலப்பக்கம் திரும்பினால் தாழ் போட்ட கதவு.

ஷர்மின்.

பெனாசிர் ஓடினாள். இடையில் ஏதோ ஈரக் குளிர்ச்சி தோளில் உரசியது. நிற்கவில்லை. கதவில் முதுகை அப்பிக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் இடுப்பில் குத்தியது. திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கு. கண். இமை துடிப்பது. எதிரே பார்த்தால் வெறும் அறை.

குர்ஆன் ஓத வேண்டும். ஓதத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறக்கவே பயம். மனசுக்குள் ஓதினாள், வரிகள் முன்னும் பின்னும் குழம்பின. உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

பேசமாட்டேன். செத்தாலும் பேசமாட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

போனிலிருந்து வந்தது. அவளுடைய குரல். வாசலில் சொன்ன அதே சொல், அதே மூச்சிரைப்பு.

போனை அணைத்தாள். திரை கறுத்தது. அந்த மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மூன்று முறை. அடுத்தவர் வீட்டு வாசலில் மூன்று முறை ஸலாம் சொல்லலாம், பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் முறை. இப்போது எதிரே நிற்பதும் அந்த முறைப்படிதான் வந்திருக்கிறது. இல்லையென்றால் பதினோரு நாள் வாசலில் ஏன் நிற்கிறது? இன்னும் இரண்டு முறை. இரண்டே முறை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

இப்போது காற்றிலிருந்து. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். தீய்ந்த பால் வாடை அடித்தது.

கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். யா அல்லாஹ். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. தகரம் அடித்தது. நின்றது. காற்று அடங்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கொஞ்சலாக. பிள்ளையை எழுப்பும்போது அவள் பேசும் குரலில்.

பெனாசிர் பேசவில்லை. மூச்சு விடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தாள்.

முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், கட்டில் கிறீச்சிட்டது.

"வஅலைக்கும் ஸலாம்மா," என்றாள் ஷர்மின், தூக்கக் கலக்கத்தில்.

இடுப்பில் குத்திக்கொண்டிருந்த தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. கதவு உள்ளே திறந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். தலை தரையில் மோதியது. ஏதோ அவளைத் தாண்டிப் போனது. அவசரமே இல்லாமல்.

"ஷர்மின்! வேணாம்த்தா! இங்கன பாரு, அம்மா இங்கன இருக்கேன்!"

பிள்ளை கட்டிலில் எழுந்து நின்று, கண்ணை மூடியபடியே இரண்டு கைகளையும் தூக்கியது. பாதங்கள் மெத்தையை விட்டு எழுந்தன. வெறும் காற்றின் தோளில் கன்னம் அழுந்தச் சாய்ந்துகொண்டாள் ஷர்மின். அவள் முதுகில் சட்டைத்துணி, ஐந்து விரல் அகலத்துக்கு, அமுங்கியது. எழுந்தது. மறுபடியும் அமுங்கியது. யாரோ மெல்லத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.