மேற்கு ஜன்னலில் அரை நிலா

“பொய்யா இருந்தா திருத்திடலாம்ங்க. பொய் இல்லேன்னா என்ன பண்றது? ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான். கை வேலையில ஓடல.”

“முதல்ல கண்ணாடியைக் கழட்டிக் குடுங்க. பேசிக்கிட்டே பாக்கறேன்.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் அப்போதுதான் விளக்கு போட்டிருந்தார்கள். வந்தவர் ரொட்டி அடுப்பில் இரவு வேலை பார்ப்பவர். தெருவில் எல்லோருக்கும் ரொட்டிக்காரர். ஊர் எழுந்திருக்கும்போது வீட்டுக்குப் போய்ப் படுப்பார், உச்சிப்பொழுதுக்கு எழுந்திருப்பார். இன்று படுக்காமல் நேரே இங்கே வந்துவிட்டார். சட்டைக் கைமடிப்பில் இன்னும் மாவு இருந்தது.

கடைக்காரி அவருடைய கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்தாள். தொலைந்த சாவியிலிருந்து காணாமல் போன பூனை வரை, தெருக்காரர்கள் தங்களுக்குப் பிடிபடாததை எல்லாம் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து அவசரப்படுவதற்கு அவளுடைய மாமனார் இருந்தார். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும், மணி அடித்தால் ஓடத் தயாராக இருப்பவர்போல நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார்.

“முழுசாச் சொல்லுங்க தம்பி,” என்றார் அவர். “திருட்டா?”

“என் பொண்ணுதாங்க. ஆறு வயசு. ஞாயித்துக்கிழமை தூங்கி எழுந்தப்போ அவ அம்மா கட்டில் பக்கத்துல நின்னாங்கன்னு சொல்றா. அவ அம்மா வீட்டை விட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. வேற ஊர்ல தையல் கம்பெனியில வேலை.”

“பாக்க வந்திருக்கலாமே?” என்றாள் கடைக்காரி.

“எப்படி வர முடியும்? ரெண்டாவது மாடி. ஒரே வாசல். பாப்பா மத்தியானம் சாப்பிட்டதும் தூங்குவா. அன்னிக்கு மத்தியானம் பூரா நான் வாசல்படியிலதான் உக்காந்திருந்தேன், உடைஞ்ச ஸ்டூலுக்குக் கால் மாட்டிக்கிட்டு. ஒரு ஈ காக்கா என்னைத் தாண்டிப் போகல. வீட்டுல எங்க அக்கா இருக்கு. அதுவும் யாரும் வரலைன்னுதான் சொல்லுது.”

மாமனார் எழுந்தே விட்டார். “பின்பக்கம் தண்ணிக் குழாய் இருக்கா? குழாயைப் பிடிச்சு ஏறி, ஜன்னல் வழியா...”

“பல்பு மாட்ட நாற்காலியில ஏறவே பயப்படுவா அவ.”

“அப்போ ஏணி. நான் பாக்காத ஏணியா!”

“மாமா, உக்காருங்க,” என்றாள் கடைக்காரி.

ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணும் சொல்றா. அம்மா நின்னப்போ ஜன்னல்ல நிலா இருந்துச்சாம். வெளிச்சமாவும் இருந்துச்சாம். பகல்ல எங்கேங்க நிலா? கனவுடா அதுன்னு அக்கா சொல்லிச்சு. நான்தான் பொறுமை இல்லாம, பொய் சொல்லாதேன்னு கத்திட்டேன். அன்னியிலேருந்து என்கூடப் பேசறதில்ல. பள்ளிக்கூடம் போகல. காகிதத்துல நிலா வெட்டி ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கா. எடுக்கப் போனா அழறா.”

கடைக்காரி கண்ணாடியின் இரண்டு காதுக்கம்பிகளையும் மடக்கி விரித்துப் பார்த்தாள். “எப்பவும் வளைஞ்ச சட்டத்தோட வருவீங்க. இதை மாட்டிக்கிட்டே தூங்கிடறவர் நீங்க. இந்தத் தடவை நேரா இருக்கே?”

“ஞாயித்துக்கிழமை எழுந்தப்போ அலமாரியில இருந்துச்சுங்க, கைக்குட்டையில சுத்தி. அக்கா எடுத்து வெச்சிருக்கும். அதுக்கப்புறம் நான் எங்கே தூங்கினேன்?”

அவள் கண்ணாடியைத் துடைத்து அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். “வாங்க, உங்க பொண்ணைப் பாக்கலாம்.”

இரண்டாவது மாடியின் கூடத்தில், வாசல் வழியே காலை வெயில் நீளமாக விழுந்திருந்தது. ஓரத்தில் ரொட்டிக்காரரின் பாய். அதன் மேல், வெளிச்சம் படாமல் முகத்தில் போட்டுக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. வாசலிலிருந்து உள்ளறைக்குப் போக அந்தப் பாயின் பக்கமாகத்தான் போக வேண்டும். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். வாட்டசாட்டமான, உரத்த குரல் உள்ள பெண்.

“உக்காருங்க, உக்காருங்க. பாப்பாவுக்கு முட்டை அவிச்சேன். பெரியவர் ஒண்ணு சாப்பிடுங்க.”

மாமனார் வேண்டாம் என்று சொல்லப் பழகாதவர்.

உள்ளறையில் சிறுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீலத் திரை ஜன்னல் பக்கமாக வெளிறி, கிட்டத்தட்ட சாம்பல் நிறமாகியிருந்தது.

“சாயங்கால வெயில் நேரா உள்ள வரும்,” என்றாள் அக்கா. “எத்தனை திரை மாத்தறது?”

கடைக்காரி கட்டிலருகே குனிந்தாள். “கொஞ்சம் தள்ளிப் படுக்கறியா? எனக்கும் இடம் வேணும்.”

சிறுமி ஒரு கண்ணால் அவளை அளந்து பார்த்துவிட்டு நகர்ந்தாள். இருவரும் ஒரே தலையணையில் படுத்து ஜன்னலைப் பார்த்தார்கள். கண்ணாடியின் மேல்பாதியில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. சரிபாதி வட்டம். வெட்டிய நேர்க்கோடு கீழே, வளைவு மேலே.

“தலைகீழா ஒட்டியிருக்கா, பாருங்க,” என்றார் ரொட்டிக்காரர்.

“தலைகீழ் இல்ல!” சிறுமி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “அப்படித்தான் இருந்துச்சு. கிண்ணத்தைக் கவுத்த மாதிரி.”

இரண்டு நாளில் அப்பாவுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கடைக்காரி எழுந்து தலைமுடியைச் சரிசெய்தாள். “அக்கா, ஒண்ணே ஒண்ணு. தம்பியோட கண்ணாடியை அன்னிக்கு நீங்கதானே எடுத்து வெச்சீங்க?”

“நானா? அதைத் தொட்டு உடைச்சா யாரு மாத்திக் குடுக்கிறது? நான் கிட்டயே போக மாட்டேன்,” என்ற அக்கா, ஏதோ நினைவு வந்தவள்போல நிறுத்தி, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

“எல்லாரும் கூடத்துக்கு வாங்க,” என்றாள் கடைக்காரி. “அக்கா, நீங்களும்தான். மாமா, அந்த முட்டையைத் திங்காதீங்க. இப்போதைக்கு அது நிலா.”

மாமனார் கடிக்கப் போன முட்டையை மனசில்லாமல் வாயிலிருந்து விலக்கினார். அவள் அதை ஒரு முள்கரண்டியில் குத்தி ரொட்டிக்காரர் கையில் கொடுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தாள்.

“வாசல் வெயில்தான் சூரியன். உங்க தலைதான் பூமி. முட்டையைத் தலைக்கு மேல கொஞ்சம் உசத்திப் பிடிங்க. எப்படித் தெரியுது?”

“முழுசா வெள்ளையா.”

“அது பௌர்ணமி. இப்போ அப்படியே திரும்பி வாசலைப் பாருங்க.”

“இருட்டாயிடுச்சு. இந்தப் பக்கம் நிழல்.”

“அமாவாசை. இருட்டானது முட்டை இல்ல. அந்தப் பக்கம் அதுல வெயில் பட்டுக்கிட்டேதான் இருக்கு. நிலாவுல எப்பவும் பாதி வெளிச்சமாத்தான் இருக்கும். அந்தப் பாதியில நமக்கு எவ்வளவு தெரியுதுங்கறதுதான் மாறுது.”

“பூமியோட நிழல் விழுந்துதானே தேயுது? நான் அப்படித்தான் நெனச்சேன்.”

“நிழல் விழுந்தா அது கிரகணம். முட்டையைத் தாழ்த்தி உங்க தலை நிழலுக்குள்ள கொண்டு போனா மட்டும்தான் அது. மத்தபடி நிலாவுக்கு நம்மால ஒரு தொந்தரவும் இல்ல. இப்போ தோள் வெயில் பக்கம் இருக்கற மாதிரி நில்லுங்க. முட்டையை முகத்துக்கு நேரா.”

அவர் நின்றார். முட்டையின் வாசல்பக்கப் பாதி மஞ்சளாக மின்னியது. மறுபாதி மங்கிக் கிடந்தது. “அரை,” என்றார், கிட்டத்தட்டத் தனக்குள்.

“வெளிச்சப் பாதி எந்தப் பக்கம் பாக்குது?”

“சூரியனை.”

“எப்பவும் அப்படித்தான். ஒரு கையை முட்டைக்கு நீட்டுங்க, இன்னொரு கையை சூரியனுக்கு. ரெண்டும் சுவர் மூலை மாதிரி இருக்கு இல்லையா? அரை நிலான்னா எப்பவும் அந்த மூலைதான். முட்டையை மாமாகிட்ட குடுத்துட்டு உள்ள வாங்க.”

உள்ளறையில், காகித நிலாவை நோக்கி அவர் ஒரு கையைச் சாய்வாக உயர்த்தினார். மற்றக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“வெளிச்சப் பாதி மேல பாக்குது,” என்றாள் கடைக்காரி. “அப்போ சூரியன் கூரையைத் தாண்டி இந்தப் பக்கம் இருக்கணும். கொண்டு வாங்க கையை.”

கை தலைக்கு மேலாகத் திரும்பி வந்து, பின்பக்கம், வாசலைக் காட்டி நின்றது.

“கிழக்கு!” என்று கத்தினார் மாமனார். “காலையில!”

“ஆமா மாமா. இது மேற்கு ஜன்னல், திரை வெளுத்ததே அதனாலதான். மத்தியானத்துக்கு மேல சூரியன் இந்தப் பக்கம் சாயும். அப்போ அரை நிலா வாசல் பக்கம் இருக்கும், இந்த ஜன்னல்ல தெரியாது. ராத்திரின்னா வெளிச்சம் இருக்காது. கனவுல நிலா வரலாம். ஆனா சூரியன் எங்கே இருக்குன்னு பாத்து, சரியான பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிக்கிட்டு வராது. பாப்பா தூங்கி எழுந்தப்போன்னுதான் சொன்னா. லீவு நாள், லேட்டா எழுந்திருக்கா. எந்தத் தூக்கம்னு நாமதான் கேக்கல.”

“இதுக்கு சாட்சி?” என்றார் மாமனார்.

“சாட்சி இன்னும் வெளியிலதான் நிக்கும். அரைக்கு அப்புறம் தினம் இளைச்சு, சூரியனுக்குக் கிட்டக் கிட்டப் போகும். தேடினா தெரியும்.”

எல்லோரும் ஜன்னலில் முண்டியடித்தார்கள். வெயில் ஏறிய வெறும் வானம். மாமனார் ஒரு காக்கையைக் காட்டினார்.

“அதோ,” என்றாள் சிறுமி.

“எங்கே?” என்றார் அப்பா.

அவள் கட்டிலின் மேல் ஏறி நின்று, அவருடைய முகவாயைப் பிடித்து, கடிகார முள்ளைத் திருப்புவதுபோல மெல்லத் திருப்பினாள். அப்போது அவருக்கும் தெரிந்தது: நீலத்தில், நகம் பதிந்த தழும்புபோல வெளுத்த ஒரு கீற்று. முதுகைச் சூரியன் பக்கம் உயர்த்தி, சத்தமில்லாமல் அங்கேயே இருந்தது. இத்தனை வருடமும் அவர் தூங்கிய காலைகளில் அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

“பொய் இல்ல,” என்றார். “அப்பா மேலதான் தப்பு. மன்னிச்சுக்கோ கண்ணு.”

சிறுமி முகவாயை விடவில்லை. “அம்மாவும் பொய் இல்ல.”

அவர் மெதுவாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பாயையும் கறுப்புத் துணியையும் பார்த்தார். “காலையிலன்னா... நான் இங்கேதான் படுத்திருந்தேன். என்னைத் தாண்டியா போனா?”

“கண்ணாடி அலமாரிக்குத் தானா நடந்து போகல,” என்றாள் கடைக்காரி. “அக்கா அதைத் தொடறதில்ல. பாப்பாவுக்கு அலமாரி எட்டாது.” அவள் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. “கதவு உள்பக்கம்தானே பூட்டியிருந்துச்சு? யாராவது திறந்து விட்டிருக்கணும் இல்லையா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உரத்த குரல் எங்கோ போயிருந்தது.

“தாண்டிப் போகலடா. உன் பக்கத்துல தரையில உக்காந்துட்டா. ராத்திரி பஸ்ல வந்தவ, பல்லுகூட விளக்கல. உன் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, சுத்தி வெச்சா. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம் அண்ணி, ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்திருக்காருன்னு சொன்னா. அப்புறம் பாப்பாகிட்ட போனா. கிளம்பறப்போ, சொல்லாதீங்கன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. வந்தான்னு தெரிஞ்சா நீ சண்டைக்குப் போவியோன்னு பயம். நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தறேன்னு குழந்தையைப் பொய்க்காரி ஆக்கிட்டேன்.”

“நான் எதுக்குச் சண்டைக்குப் போகப் போறேன்?”

“போறப்போ ஒரு வார்த்தை, இருன்னு சொன்னியா? நாலு மாசமா ஒரு போன் பண்ணினியா?”

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகளின் பார்வை பட்டதும், கையிலிருந்த நிலாவை ஒரே வாயில் போட்டுக்கொண்டு அடங்கிவிட்டார். சிறுமி முதலில் திகைத்து, பிறகு சிரித்தாள்.

அக்கா தன் கைபேசியில் எண்ணை அழுத்தி, அவர் கையில் திணித்தாள். கடைக்காரி மாமனாரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் செருப்பைத் தேடி வாசலுக்கு நகர்ந்தார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள். நிறைய தையல் இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, “சொல்லுங்க அண்ணி,” என்றது ஒரு குரல்.

“அக்கா இல்ல. நான்.”

குரல் நின்றுவிட்டது. இயந்திரங்கள் மட்டும் ஓடின. ரொட்டிக்காரர் சிறுமியை ஒரு கையால் இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கைபேசியை இருவர் காதுக்கும் நடுவில் வைத்தார்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்,” என்றார். “வெச்சிடாம மட்டும் இரு.”