நான்காவது ஓரம்

அந்த ஒரு குமிழ் மட்டும் நகரவில்லை.

அலவி ரப்பர் தகட்டை மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தார். ஜன்னலில் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த ஷாம்பூத் தண்ணீர் தகட்டுக்கு முன்னால் சின்ன அலையாக ஓடி, ஓரத்தில் வழிந்து, கீழே விரித்திருந்த துவாயில் ஊறியது. பதினெட்டு வருடங்களாகச் செய்யும் வேலை. தண்ணீர் எப்போதும் அவர் கை காட்டிய பக்கம்தான் போகும். ஆனால் ஜன்னலின் நடுவே, எட்டு வயதுப் பிள்ளையின் தோள் உயரத்தில், உள்ளங்கையளவு தண்ணீர் அப்படியே நின்றது. தகடு அதன்மேல் ஏறி இறங்கியபோது அடியில் ஏதோ மெத்தென்று கிடப்பதுபோல இருந்தது.

"என்ன நானா, சரிவரேல்லையோ?" தேத்தண்ணியோடு வந்த வீட்டுக்காரி சுரேகா, அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"காஞ்சா போயிடும் தங்கச்சி. தண்ணி ஃபிலிமுக்குள்ளால மெதுமெதுவா வெளிய போகும். முப்பது நாள் எடுக்கும்."

முப்பது என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அலவி குனிந்து துவாயைப் பிழியத் தொடங்கினார். ஒழுங்கையின் முடிவில், கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. வெள்ளவத்தையின் இந்தப் பக்கத்து வீடுகளில் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல்கள் நடுங்கும். இந்த ஜன்னலும் நடுங்கியது. அந்தக் குமிழில் இருந்த தண்ணீர் நடுங்கவில்லை.

இதே ஜன்னலில் அவர் ஒட்டும் இரண்டாவது ஃபிலிம் இது.

முதலாவதை ஒட்டிய அன்று சுரேகாவின் மகள் மேனுகா நாள் முழுக்க அவருக்குப் பின்னாலேயே நின்று கேள்வி கேட்டாள். ஏன் தண்ணீர்? பசை உடனே பிடித்துவிடாமல் இருக்க. ஏன் ஷாம்பூ? ஃபிலிமை வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக. "இது என்ர ஷாம்பூ மணம் அங்கிள்! களவெடுத்தனீங்களோ?" என்று சிரித்தாள். குழந்தைகளின் ஷாம்பூவைத்தான் அவர் எப்போதும் கலப்பார். காது கொடுத்துக் கேட்கிற ஒரு ஆள் கிடைத்தால் அலவிக்கு வேறென்ன வேண்டும்?

"சும்மா கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி நீட்டு நீட்டாப் பறக்கும் மகள். இது எல்லாத் துண்டையும் பிடிச்சி வச்சிக்கொள்ளும். ஒரு சில்லும் உள்ளுக்கு வராது."

"அப்ப முழுக் கண்ணாடியும் சேர்ந்து வந்தா?"

எந்தப் பெரிய ஆளும் அவரிடம் கேட்காத கேள்வி அது. உடைந்த துண்டுகளைப் பிடித்து வைப்பது மட்டும்தான் ஃபிலிமின் வேலை. அந்த ஃபிலிமைப் பிடித்து வைக்க நான்கு ஓரத்தையும் சிலிக்கோனால் சட்டத்தோடு ஒட்டவேண்டும். அதை அன்றைக்கே செய்ய முடியாது. செய்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிடும்.

"அதுக்குத்தான் முப்பது நாள் கழிச்சித் திரும்ப வருவேன். அதுவரைக்கும் தொடப்படாது. தொட்டா கை உள்ளுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்!"

அவள் உடனே வலது கையை ஈர ஃபிலிமில் பதித்தாள். ஐந்து விரலும் தெளிவாக விழுந்தன. அவர் சத்தம்போட்டு, சிரித்து, தகட்டால் அதை வழித்தெடுத்தார்.

முப்பதாம் நாள் அவர் வரவில்லை. நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில் மூன்று மாடிக் கட்டடம் முழுவதும் வேலை கிடைத்திருந்தது. ஒரு ஜன்னலின் ஓரத்துக்காக வெள்ளவத்தைக்கு வான் வண்டியை விடவேண்டுமா? நாளைக்கு, அடுத்த கிழமை. ஃபிலிம்தான் இருக்கிறதே.

நாற்பத்து மூன்றாம் நாள் பின்னேரம் எதிர்க் கட்டடத்துச் சமையலறையில் காஸ் சிலிண்டர் வெடித்தது. ஃபிலிம் தன் வேலையைச் செய்தது. ஒரு சில்லும் பறக்கவில்லை. ஆயிரம் துண்டாக உடைந்த கண்ணாடி, ஒரே பாயாக, முப்பது கிலோவுக்குக் கிட்டிய பாரத்தோடு சட்டத்தைவிட்டுக் கழன்று, அதன்கீழ் மேசையில் இருந்த மேனுகாமேல் விழுந்தது. பிள்ளையின் முகத்தில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை என்று செத்தவீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

ஓரம் ஏன் ஒட்டப்படவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அலவியும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துச் சுரேகா அவரையே திரும்பக் கூப்பிட்டபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தார். ஆனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது ஃபிலிம் ஒட்டிய பன்னிரண்டாம் நாள் சுரேகா அவருக்குப் போன் எடுத்தாள்.

"நானா, மற்றதெல்லாம் காஞ்சிட்டுது. அது மட்டும் காயேல்ல."

"கடல் காத்து தங்கச்சி. உப்பு இரிக்கிதானே."

"விரல் வந்திருக்கு" என்று அவள் சொன்னாள், ஒரு குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்வதுபோல.

முப்பதாம் நாள், பின்னேரம் நாலு மணிக்கு அவர் சிலிக்கோன் துப்பாக்கியோடு படியேறினார். வீட்டில் சுரேகா மட்டும் இருந்தாள். ஜன்னலோடு கதைக்கிறாள் என்று கோபித்து, அவள் கணவன் ஹெவ்லொக் டவுனில் உள்ள தமையன் வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையாகிறது. படிக்கும் மேசை திரும்ப ஜன்னலடியில் போடப்பட்டிருந்தது.

ஜன்னல் சுத்தமாகக் காய்ந்திருந்தது. முதல் நாட்களில் இருக்கும் அந்தப் பால்நிறப் புகை எங்கும் இல்லை. எதிர்க் கட்டடத்தின் கரிபிடித்த சுவர் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் ஒரு கை. சின்ன வலது கை. உள்ளங்கையின் ரேகைகள்வரை தண்ணீரில் எழுதியிருந்தன. அலவி விரல் நுனியால் அதைத் தொட்டார்.

சூடு.

"தங்கச்சி" என்றார். "நான் அன்னைக்கி வரல்ல. முப்பதாம் நாள் வந்து ஓரத்த ஒட்டியிருந்தா அந்தக் கண்ணாடி..."

"தெரியும் நானா."

அவள் சுவரைக் காட்டினாள். போன வருடத்துக் கலண்டர் இன்னும் தொங்கியது. ஒரு திகதியைச் சுற்றிப் பென்சில் வட்டம். பக்கத்தில் பிள்ளை எழுத்தில், 'அலவி அங்கிள்'.

"அந்த நாளில இருந்து ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால வந்து மேசையை ஜன்னலடிக்கு இழுத்துப் போடுவாள். உங்கட வான் வருதோ எண்டு பாக்க."

ரயில் போனது.

"இண்டைக்கு வந்திட்டீங்கள்தானே" என்றாள். "ஒட்டுங்கோ. நாலு பக்கமும்."

"உள்ளுக்குத் தண்ணி இரிக்கி. ஒட்டினா அதுக்கு வெளிய போக ஏலாது."

"ஓம்" என்றாள் சுரேகா. "போகக்கூடாது."

அவள் மேசையில் ஏறி முழங்காலில் இருந்து, தன் உள்ளங்கையை அந்தச் சின்னக் கையின்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அலவி சிலிக்கோன் துப்பாக்கியை எடுத்தார். ஒருமுறை வேலையைப் பாதியில் விட்டவர் அவர்.

மேல் ஓரம். கறுத்த சிலிக்கோன் பென்சில் தடிப்பில் பிதுங்கி, ஃபிலிமையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்தது. ஈர விரலால் நீவிவிட்டார். இடது ஓரம். ஷாம்பூ மணம் எங்கிருந்தோ வந்தது. இந்த முறை போத்தல் கொண்டுவரவில்லையே. கீழ் ஓரம். மணம் கூடியது. அப்போதுதான் குளித்த தலையின் மணம்.

நான்காவது ஓரத்துக்குத் திரும்பினார்.

சுரேகாவின் கை அதே இடத்தில்தான் இருந்தது. அவளது விரலிடுக்குகளில் வெறும் கண்ணாடி.

தண்ணீர் அங்கே இல்லை.

வலது ஓரத்தில் இருந்தது. இன்னும் ஒட்டாத ஓரத்தில். ஐந்து விரல் நுனிகளும் அந்த இடைவெளிக்கு நேராக. ஃபிலிம் மெல்ல மேலெழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

"ஏன் நிண்டுட்டீங்கள் நானா?" சுரேகா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "என்ர பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கு. கெதியா ஒட்டுங்கோ."

சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அவர் சொல்லவில்லை.

மேலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தார். விரல்கள் கீழே கீழே நகர்ந்தன. கடைசி இரண்டு அங்குலம். ஒரு சுண்டுவிரல். அழுத்தினார். மூடிவிட்டது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிது."

சுரேகா நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் முன்பு மேனுகாவின் முகத்தில் கண்டிருந்தார்.

இன்னும் காயாத கறுத்த சிலிக்கோனில், ஃபிலிமுக்கு உள்பக்கத்திலிருந்து, ஒரு சின்ன நகம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூலையில் திரும்பி, கீழ் ஓரம் முழுக்க. இடது ஓரம் முழுக்க. மேல் ஓரம். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஒரு இடைவெளி இருக்கிறதா என்று தேடிக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து.